பதினெட்டின் கீழே கர்சர்

1.

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதையை எழுத வைத்தது பயம். இலக்கிய தாகம் என்று சொல்லியிருந்தால் கொஞ்சம் மரியாதையாவது கிடைத்திருக்கும்.

'2006 செப்டம்பர் பதினெட்டு. தாயில்பட்டி வானம் கரும்போர்வை போர்த்தி' (வேண்டாம். மழை பெய்தது, அவ்வளவுதான்.)

மழையால் எங்கள் பட்டாசுக் கம்பெனியில் வேலை பாதியில் நின்றது. கலந்த வெடிமருந்தில் ஒரு வாளி மிஞ்சிவிட்டது. மிஞ்சியதை அன்றைக்கே அழித்துவிட வேண்டும்; ஈரம் ஏறினால் மருந்து தானாகவே சூடாகி வெடிக்கலாம். அழிக்க வேண்டியவர்கள் மழைக்குப் பயந்து வீட்டுக்கு ஓடிவிட்டார்கள். மறுநாள் காலை வாளி அங்கேயே இருந்தது, 18 என்று தேதி போட்ட லேபிளோடு.

அதை 19 ஆக்கச் சொல்லி ஃபோர்மன் செல்லப்பாண்டி என்னிடம் வந்தார்.

2.

லேபிள் மிஷின் என் பொறுப்பு.* பழைய லேபிளைத் திரையில் வரவழைத்து, அம்புக்குறிப் பொத்தானைத் தட்டித் தட்டி, கர்சரை 8-க்குக் கீழே கொண்டுபோய் நிறுத்தினேன். 9-ஐ அழுத்தினேன். 8 அழியவில்லை, நகர்ந்து இடம் கொடுத்தது. செப்டம்பர் 198. (சிரிக்கலாம். நானும் சிரித்தேன்.)

செல்லப்பாண்டியை வில்லனாக எழுதிப் பார்த்தேன், முறுக்கு மீசையெல்லாம் வைத்து. மீசை ஒட்டவில்லை. அவர் மனைவி ராக்காயியும் அந்த வாளி போகவேண்டிய அறைக்கு அடுத்த அறையில்தான் மருந்து அடைத்தாள். "ஒரு நம்பர்தானலே. ஆர்டர் நிக்குது. அம்புட்டையும் கொட்டவா சொல்லுத?" என்று கேட்டபோது அவர் உதடு காய்ந்திருந்தது.

* பொறுப்பு என்பது பெரிய வார்த்தை. கம்பெனியில் வெடிக்காத ஒரே பொருள் அது என்பதால் என்னிடம் கொடுத்திருந்தார்கள்.

3.

8-ஐ அழித்தேன். லேபிள் நாக்கு நீட்டுவதுபோல் வெளியே வந்தது.

அதை வாங்க வந்தவள் மருந்து அடைக்கும் கருப்பம்மாள். அந்த வாளி அவள் அறைக்குத்தான் போகவேண்டும். அவளுக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். தேதி பார்க்காமல் மருந்தில் கை வைக்கமாட்டாள். அன்று பார்த்த பிறகும் நின்றாள்.

"தம்பி, இது இன்னைக்குக் கலந்ததுதான? நீங்க சொல்லிட்டீகன்னா கைய வச்சிருவேன்."

(முடிவு அ: உண்மையைச் சொல்கிறேன். வாளி அழிக்கும் குழிக்குப் போகிறது, எனக்கு வேலை போகிறது.

முடிவு ஆ: தலையாட்டுகிறேன். அவள் போகிறாள். அந்த அறையில் அவளோடு நான்கு பேர். பதினொரு மணி வாக்கில்

இந்த வாக்கியத்தை ஆறு முறை தொடங்கி ஆறு முறை அழித்துவிட்டேன்.)

முடிவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு என்ன பதில் சொன்னாலும் சரி, அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். நான் திரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.