பொருந்தாத ரத்தம்

மருத்துவக் கல்லூரி வகுப்பறையில் கடைசி வரிசை ஓரமாக அவள் உட்கார்ந்திருந்தாள். முன்னால், கரும்பலகை அருகே போட்டிருந்த இரண்டு நாற்காலிகளில் அவள் கணவரும் நாத்தனாரும். உடலுறுப்பு தானம் பற்றிய பாடத்துக்குக் கொடுத்தவரையும் பெற்றவரையும் சேர்த்தே வரவழைத்திருந்தார் அறுவை மருத்துவர். மூன்றாவது நாற்காலி போட யாருக்கும் தோன்றவில்லை.

"பழைய சிறுநீரகம் ரெண்டையும் நாங்க எடுக்கல. அது பாட்டுக்கு உள்ள கிடக்கு. அக்கா குடுத்ததை இங்க, அடிவயித்துல வலப்பக்கம் வச்சோம்," என்று படத்தில் காட்டினார் மருத்துவர். "ரத்தக்குழாயை இணைச்சு, ரத்தத்தை நிறுத்தி வச்சிருந்த கிளிப்பை எடுத்ததும், வெளிறிக் கிடந்தது சிவக்க ஆரம்பிச்சுது. ஆபரேஷன் மேஜையிலேயே சிறுநீர் வந்துச்சு."

மாணவர்கள் கைதட்டினார்கள். நாத்தனார் வெட்கத்தோடு தலைகுனிந்தாள். கடைசி வரிசையில் இருந்தவளுக்கு வயிறு எரிந்தது.

இரண்டு வருடமாக இதே கைதட்டல்தான். எந்த வீட்டுக்குப் போனாலும் "தம்பிக்கு உயிர் குடுத்தவ" என்று நாத்தனாருக்குத்தான் முதல் உபசாரம். வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குக் கூட்டிப்போனது இவள். தண்ணீரை அளந்து ஊற்றி, "இன்னும் ஒரு வாய்" என்று அவர் கெஞ்சியபோது கல்லாக நின்றதும் இவள். கொடுக்கிறேன் என்று முதலில் முன்வந்ததும் இவள்தான். ரத்த வகை சேரவில்லை. நம்பாமல் வேறொரு ஆய்வகத்துக்குப் போய் ரத்தம் கொடுத்துப் பார்த்தாள். அங்கேயும் அதே முடிவு. "விடு, நான் இருக்கேன்ல" என்று நாத்தனார் சொன்ன அன்று வீடே அழுதது. இவளும் அழுதாள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

மாணவி ஒருத்தி எழுந்தாள். "உங்க மனைவி ஏன் சார் குடுக்கல?"

அவர் வாயைத் திறப்பதற்குள், "ரத்தம் சேரல!" என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது. நூறு தலைகள் திரும்பின. தன் குரலைக் கேட்டு இவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. "ரெண்டு தடவ பார்த்தேன்," என்றாள், மெதுவாக.

மருத்துவர் அவசரமாக நாத்தனார் பக்கம் திரும்பினார். "குடுத்ததுக்கு என்னைக்காவது வருத்தப்பட்டீங்களா?"

"குடுத்ததுக்கு இல்ல டாக்டர். ஆனா இவன் என்கூட சண்டை போடுறதையே விட்டுட்டான். டிவி ரிமோட்டுக்கெல்லாம் மல்லுக்கு நின்னவன், இப்ப எது சொன்னாலும் 'சரிக்கா, சரிக்கா'ங்கிறான், விருந்தாளிகிட்ட பேசற மாதிரி. கத்துறது, முறுக்கிக்கிறது எல்லாம் பொண்டாட்டிகிட்டதான். பார்த்தா எனக்குப் பொறாமையா இருக்கு."

வகுப்பு சிரித்தது. மருத்துவர் சிரிக்கவில்லை. "எழுதிக்குங்க. இது புத்தகத்துல இருக்காது."

இவளுக்கும் சிரிப்பு வரவில்லை. நேற்றுகூட உப்பு பத்தவில்லை என்று தட்டைத் தள்ளிவிட்டுப் போனார். அதைப் போயா ஒருத்தி ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள்?

வெளியே படிக்கட்டில், "மெதுவாக்கா, கையப் பிடிச்சுக்கோ," என்றார் கணவர். நாத்தனாரின் முகம் சுருங்கியது.

"அவங்க ஒண்ணும் கண்ணாடி இல்லீங்க," என்றாள் இவள். "உங்க சட்டை கண்றாவியா இருக்குன்னு காலையில என்கிட்ட சொன்னவங்கதான்."

"யாரு, இவளா? சட்டையப் பத்தி இவளுக்கு என்ன தெரியும்?"

"தெரியாமலா? போர்வையக் கிழிச்சுத் தைச்ச மாதிரி இருக்குடா!" என்று பாய்ந்தாள் நாத்தனார்.

வாசல்வரை இருவரும் விடாமல் அடித்துக்கொண்டார்கள். நடுவில், சின்ன வயதில் நடந்த எதையோ சொல்லி இருவரும் குலுங்கிச் சிரித்தார்கள். அது இவளுக்குத் தெரியாத கதை. சண்டையை மூட்டிவிட்டவள் இவள்தான். ஆனாலும், இவளுக்கு அதுவும் பொறுக்கவில்லை.