சின்ன பிரஷ்

என் தங்கச்சியைப் பொறுத்தவரை நான் அழகு நிலையத்தில் வேலை பார்க்கிறேன். முழுப் பொய் என்று சொல்ல முடியாது. பவுடர், கிரீம், சீப்பு, பிரஷ் எல்லாம் உண்டு. என் வாடிக்கையாளர்களுக்கு உயிர் இருக்காது, அவ்வளவுதான் வித்தியாசம். சவ அடக்கம் செய்கிற நிறுவனம் ஒன்றில், சொந்தக்காரர்கள் கடைசியாகப் பார்க்க வருவதற்கு முன்னால் முகத்தைச் சரிசெய்து கொடுப்பது என் வேலை. விபத்தோ வியாதியோ, என் கை பட்டால் அது தூங்குகிற முகம். பதினோரு வருஷமாகச் செய்கிறேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய்யாகிவிடும்.

அந்தத் திமிர்தான் அன்றைக்கு என்னை ஆட்டி வைத்தது.

சாயங்காலம் நாலரைக்குத் தங்கச்சி ஊருக்கு ரயில். அவளுக்குப் பிரசவம் இன்னும் மூன்று வாரத்தில். அவள் புருஷன் கப்பல் வேலையில் இருந்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய முதல் குழந்தை வயிற்றிலேயே இறந்தபோது, லீவு கிடைக்கவில்லை என்று சொல்லி நான் போகாமல் இருந்துவிட்டேன். அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். இந்த முறை என்ன ஆனாலும் வருவேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

காலையில் தலை வாரிவிடும்போது என் மகளின் காதுக்குப் பின்னால் மூன்று கொப்புளங்களைப் பார்த்தேன். ஆறு வயது, வீட்டில் பெயர் வாலு. பத்து மணிக்குள் முகத்தில் ஏழு வந்துவிட்டது.

"சின்னம்மைதான்," என்றார் டாக்டர். "எல்லாம் காய்ஞ்சு பொருக்கு தட்டற வரைக்கும் வீட்டுக்குள்ளயே இருக்கட்டும். மாசமா இருக்கறவங்க பக்கம் மட்டும் போயிடாதீங்க. பிரசவ சமயத்துல தொத்திக்கிச்சுன்னா, பிறக்கற குழந்தை தாங்காது."

தலையை ஆட்டினேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கணக்குப் போட்டேன். வாலுவை விட்டுவிட்டுப் போக ஆள் இல்லை. அவள் அப்பா லாரியோடு போயிருந்தார், திரும்பி வரப் பத்து நாள் ஆகும். சின்ன வயதில் எனக்கு அம்மை போட்டபோது தங்கச்சியை அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதனால் அவளுக்கு வரவே இல்லை. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், அவள் வீட்டில் மாடியறை இருக்கிறதே, கதவைச் சாத்திவைத்துக்கொண்டால் போயிற்று என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ரயிலில் புள்ளி தெரியாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

வாலுவைக் கட்டிலில் படுக்க வைத்தேன்.

"கண்ணை மூடிக்கோ. அசையாத."

ஒரு நிமிஷம் சும்மா இருக்காத பிள்ளை, காய்ச்சல் அசதியில் அப்படியே கிடந்தாள். முதல் பூச்சு சிவப்பை மறைக்க, இரண்டாவது தோலின் நிறத்துக்கு. கன்னத்தில் ஒரு தொடு. உதட்டில் ஒரு தொடு. கால் மணி நேரத்தில் ஒரு புள்ளிகூடத் தெரியவில்லை.

அப்போதுதான் கவனித்தேன். அவள் இரண்டு கைகளையும் எடுத்து நெஞ்சின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்திருந்தேன். சட்டைக் காலரை நீவிவிட்டிருந்தேன். கட்டிலிலிருந்து இரண்டு எட்டு பின்னால் வந்து தலையைக் குனிந்து நின்றுகொண்டிருந்தேன். வேலை முடிந்ததும் தினமும் அப்படித்தான் நிற்பேன்.

"வாலு."

கட்டில் பக்கம் குனிந்தேன்.

"வாலு, கண்ணத் திற."

"நீதான மூடிக்கச் சொன்ன," என்றாள், மெதுவாகக் கண்ணைத் திறந்து.

சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்தபோது அவள் என் பயணப் பையைக் கிளறி, கையில் எதையோ வைத்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இவ்ளோ சின்ன பிரஷ். பாப்பாவுக்கா?"

என் நடுவிரல் நீளம்தான் இருக்கும். காம்பில் கறுப்பு நூல் சுற்றியிருக்கும். பச்சைக் குழந்தைகளுக்கு என்று மட்டும் நாங்கள் வைத்திருப்பது. பதினோரு வருஷத்தில் நாலு முறை எடுத்திருக்கிறேன். கழுவி, டிராயரில் வைத்து, பூட்டி, சாவியை முதலாளியிடம் கொடுத்துவிடுவேன். வீட்டுக்குக் கொண்டுவந்ததே இல்லை.

"எங்க இருந்து எடுத்த?"

"உன் பையிலதான் இருந்துச்சு. பாப்பாவுக்கு வாங்கின சட்டைக்கு அடியில."

அவசரத்தில் எதையோ எடுப்பதற்குப் பதிலாக எடுத்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். வேறு எப்படி நினைப்பது? அதைப் பிடுங்கி பீரோ மேலே வைத்தேன்.

மணி மூன்று. தங்கச்சி போன் பண்ணினாள்.

"கிளம்பிட்டியாக்கா?"

"இதோ, கிளம்பணும்."

"மத்தியானம் கொஞ்சம் கண்ணசந்தேன். கனவுல நீ வந்துட்ட." அவள் குரலில் சிரிப்பு இருந்தது. "பாப்பாவ மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருந்த. கையில குட்டியூண்டு ஒரு பிரஷ். அத வெச்சு மூஞ்சியில என்னமோ பண்ணிட்டிருந்த. பாப்பா அழவே இல்லக்கா. அவ்ளோ சமத்து."

ஜன்னலைப் பிடித்துக்கொண்டேன். என் வேலை என்னவென்று இவளுக்குத் தெரியாது. அந்தப் பிரஷை இவள் பார்த்ததே இல்லை.

"அக்கா? இருக்கியா?"

"நான் வரல," என்றேன். "வாலுவுக்கு அம்மை போட்டிருக்கு."



"எப்பலேர்ந்து?"

"காலையிலேர்ந்து."

"இப்பதான கிளம்பணும்னு சொன்ன." அவள் குரல் மாறிவிட்டது. "சொல்லாமயே கூட்டிட்டு வரப் பார்த்தியா? எனக்கு அம்மை வந்ததில்லன்னு தெரிஞ்சுமா?"

"ஆமா. முகத்தைக்கூட மறைச்சு முடிச்சுட்டேன்."

"போன தடவ வரவே இல்ல. இந்தத் தடவ இப்படி வரப் பார்த்திருக்க." போனை வைத்துவிட்டாள். கடைசியில் கேட்டுவிட்டாள். நிம்மதி வரவில்லை.

பஞ்சை நனைத்து வாலுவின் முகத்தைத் துடைத்தேன். புள்ளிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அவை இருப்பதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. பிறகு பீரோ மேலே கையை விட்டுத் துழாவினேன். பிரஷ் இல்லை. தூசியில் அது கிடந்த அளவுக்கு ஒரு கோடு இருந்தது.

பன்னிரண்டு நாள் கழித்து வேலைக்குப் போனதும் முதல் வேலையாக டிராயரைத் திறக்கச் சொன்னேன்.

"நீ லீவுல போனதுல இருந்து இந்தப் பூட்டை யாரும் தொடலம்மா," என்றபடி முதலாளி திறந்தார். பிரஷ் அதன் இடத்தில் இருந்தது. முடி ஈரமாக இருந்தது.

தங்கச்சி நான் கூப்பிட்டால் எடுக்கவில்லை. அவளுக்குத் துணையாகப் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா வந்து படுத்துக்கொள்வதாக மட்டும் கேள்விப்பட்டேன். இருபதாம் நாள் காலையில் அந்த அம்மாதான் கூப்பிட்டார்.

"பொண்ணு பிறந்திருக்கா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. இருங்க, குடுக்கறேன்."

யாரோ மூச்சு விடுகிற சத்தம். அப்புறம் தங்கச்சியின் குரல், இன்னும் கோபம் தீராத குரல்.

"ஓயாம அழறா. காது போகுது. என்ன பண்றதுன்னே தெரியல."

"அழட்டும்டி," என்றேன். "நல்லா அழட்டும். போனை அவகிட்டக் கொண்டு போய் வை."

கொஞ்சம் தயங்கினாள். பிறகு வைத்தாள்.