இழுக்கிற கத்தி

எல்லாரும் சுகமா இருக்கியளா மக்கா? இந்த மழைக்குச் சளி, காய்ச்சல் ஒன்றும் இல்லையே? நல்லது. அப்படியானால் ஜாஸ்பர் படம் வரையப் படிக்கப் போன கதையைக் கேளுங்கள்.

ஜாஸ்பருக்கு நாற்பத்திரண்டு வயது. குலசேகரத்தில் இருபது வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவன். மனைவி ஜினிஷாவுக்கு நாகர்கோவிலில் ஒரு லேபில் வேலை கிடைத்ததும், தோட்டத்தைத் தம்பி சிஜோவிடம் விட்டுவிட்டு வாடகை வீட்டுக்கு வந்தான். பழக்கதோஷம், விடியுமுன் விழித்துவிடுவான். வெட்டத்தான் மரம் இல்லை. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எதையாவது வரைந்துகொண்டிருப்பான்.

“சும்மா தாளைக் கீறிட்டு இருக்கதுக்கு ஒரு கிளாசுக்குப் போலாம்லா?” என்றாள் ஜினிஷா.

“மூணு எடம் பாப்பேன். ஒண்ணும் சரியாவலன்னா குலசேகரத்துக்கே போயிருவேன். ஞாயித்துக்கெழம வந்து ஒன்னப் பாத்துக்கிடுதேன்.”

அவள் சிரித்துவைத்தாள். ஆனால் மூன்று மாதமாகியும் அவன் பையிலிருந்து துணிமணியை எடுத்து அலமாரியில் வைக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

முதல் இடம் வெட்டூர்ணிமடத்தில் ஒரு மாடி. “பிள்ளைய விட்டுட்டு ஆறு மணிக்கு வாங்க சார்,” என்றார்கள் வாசலிலேயே.

“பிள்ளை நான்தான்.”

கூட்டிப்போய் யூகேஜி பெஞ்சில் உட்காரவைத்தார்கள். முழங்கால் தாடையில் இடித்தது.

இரண்டாவது இடத்தில் மாஸ்டர் ஆப்பிள் வரையச் சொன்னார். ஜாஸ்பர் போட்ட கோடெல்லாம் இடமிருந்து வலமாகக் கீழே சரிந்தது. மரத்தில் வெட்டுகிற அதே சரிவு. “ஆப்பிள் உருண்டுல்லா போவுது,” என்று அவர் அழித்துக்கொண்டே இருந்தார். தாள் கிழிந்ததும் ஜாஸ்பர் எழுந்து வந்துவிட்டான்.

மூன்றாவது கோட்டாறில். சுபிதா என்ற இளம்பெண், லினோ என்கிற, அடியில் துணி ஒட்டிய மெத்துத் தகட்டில் படம் செதுக்கி, மை தடவித் தாளில் ஒற்றியெடுக்கச் சொல்லிக்கொடுத்தாள். மீன் செதுக்கச் சொன்னாள். ஜாஸ்பர் கத்தியின் அலகைத் திருப்பி மாட்டித் தன் பக்கமாக இழுத்தான்.

“அண்ணே, வெளிய தள்ளணும். கை போயிரும்.”

“எனக்க கைக்கு இழுக்கத்தான் தெரியும் டீச்சரே.”

உள்மரத்தைத் தொடாமல் பட்டையை மட்டும் வெட்டிய கை. தகட்டின் அடித்துணி ஓரிடத்திலும் தெரியவில்லை. மீன்தான் இடமிருந்து வலமாகத் தலை கீழே சரிந்து கிடந்தது. போதாக்குறைக்கு அதன் வாயருகே கீழ்நோக்கி ஒரு தனி வெட்டு.

“இது எதுக்காக்கும்?”

அப்போதுதான் அவனே பார்த்தான். “மரத்துல பால் வடியதுக்குப் போடுத வெட்டு. கை அறியாம போட்டுட்டு.”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ஜாஸ்பர் கத்தியைக் கீழே வைத்தான். மூன்றும் முடிந்தது.

சுபிதா தகட்டை விரலால் தடவிப் பார்த்தாள். “ஆழம் ஒண்ணுபோல இருக்கு. எனக்கு இது வர ரெண்டு வருசம் ஆச்சு. மை போடுங்க.”

தாளை உரித்தால், மீன் வலமிருந்து இடமாக இறங்கியது. அச்சில் எல்லாம் திரும்பித்தானே விழும். தன் கோடு எதிர்ப்பக்கம் போய் இருபது வருடத்தில் அவன் பார்த்ததில்லை. பால் வடியும் வெட்டு மீசையாகியிருந்தது.

“கெளுத்தியாக்கும்,” என்றான், சிரித்தவர்களைப் பார்த்து.

சாயங்காலம் தம்பிக்குப் போன் போட்டான். “ஏலே சிஜோ, எனக்க வெட்டுக்கத்திய பஸ்ஸில குடுத்து விடு.”

“கத்தி எதுக்கு? நீங்கதான் அங்க போறதா சொன்னிய?” என்றாள் ஜினிஷா.

“அதான் கத்தி இங்க வருதே.”

அவள் அலமாரிக் கதவைத் திறந்துவைத்தாள். “அப்ப அந்தப் பைய காலியாக்குங்க. எனக்குக் காய்கறி வாங்க வேணும்.”

உங்களில் யாராவது வயதான பிறகு இப்படி ஒரு வகுப்பில் போய் உட்கார்ந்திருக்கிறீர்களா? முதல் நாள் என்ன கூத்து நடந்தது? மறைக்காமல் எழுதிப் போடுங்கள்.