இனித்த பாதிக் கிணறு

1971ஆம் வருஷம் ஈஸ்டருக்கு முந்தின தவக்கால நோன்பில், ஆரோக்கியமேரி காபிக்குச் சர்க்கரை போடுவதை விட்ட அன்று அவள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் இனித்தது. சாந்தோம் கோயிலுக்குப் பின்னாலிருந்த அந்தச் சந்தில் பக்கத்து வீட்டுப் புஷ்பத்துக்கும் அதே கிணறுதான்; நடுவில் ஒரு தடுப்புச் சுவர், அடியில் ஒரே தண்ணீர். மேரியின் வாளியில் வந்தால் இளநீர், புஷ்பத்தின் வாளியில் வந்தால் கடல். மாநகராட்சியிலிருந்து வந்தவர் இரண்டையும் குடித்துப் பார்த்தார், மேரியிடம் இன்னொரு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டார். சந்தும் பழகிக்கொண்டது.

புஷ்பத்துக்குத்தான் வயிறு எரிந்தது. அவளும் சர்க்கரையை விட்டாள். மீனை விட்டாள், தலைக்குப் பூவை விட்டாள், பாயை விட்டு வெறுந்தரையில் படுத்தாள். ஒவ்வொன்றையும் விட்ட கையோடு மேரியின் காதில் விழும்படி சந்தில் சொல்லிவிட்டு, கிணற்றடிக்கு ஓடி ஒரு வாய் குடித்துத் துப்பினாள். ஈஸ்டருக்குள் அவள் துரும்பாக இளைத்தாள். தண்ணீரோ முன்னைவிடக் கரித்தது. அடுத்தடுத்த வருஷங்களும் இதே கதைதான். கடைசியில் பொறுக்கமாட்டாமல் சுவருக்கு மேல் தலையை நீட்டிக் கேட்டேவிட்டாள்.

"அப்படி இன்னா வேண்டிக்கினு சர்க்கரைய உட்டேக்கா?"

"வேண்டுதல் இன்னா கீது? அவருக்குச் சர்க்கரை வியாதின்னு டாக்டர் சொல்ட்டாரு. அவரு கசப்பா குடிக்கச்சொல்ல எனக்கு மட்டும் இனிப்பு தொண்டையில எறங்குமா?"

மேரியின் புருஷன் துரைராஜ் உள்ளே இருமுவது கேட்டது. புஷ்பத்தின் புருஷன் சிங்கப்பூர் போனவன். கடிதம் நின்று வெகுகாலம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து அவளுடைய பொறாமை தண்ணீரை விட்டு வேறிடத்துக்குப் போனது. எதையாவது விட்டுக்கொடுப்பதற்கு மேரிக்கு ஓர் ஆள் இருந்தது.

1975 முடிவதற்குள் துரைராஜ் இறந்துபோனார். மறு தவக்காலத்தில் புஷ்பம் எதையும் விடவில்லை. மீன் தின்றாள், பூ வைத்தாள். ஒரு சாயங்காலம் வழக்கம்போல ரேடியோவில் சினிமாப் பாட்டைக் கேட்டபடி சோற்றுக்கு உட்கார்ந்தாள். சுவருக்கு அந்தப்பக்கம் மேரி தேம்புவது கேட்டது. துரைராஜ் வாய்க்குள் முனகும் பாட்டு அது. புஷ்பம் எச்சில் கையோடு எழுந்து ரேடியோவை நிறுத்தினாள். மறுநாளும் போடவில்லை. பாட்டில்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது, இருந்தும் போடவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு அதில் ஒன்றும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

ஈஸ்டருக்கு ஒரு வாரம் முந்தின குருத்து ஞாயிறன்று கோயிலிலிருந்து வந்த தாகத்தில் வாளியிலிருந்தே அள்ளிக் குடித்தாள். இனித்தது.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்று கிணற்றைத் திட்டிவிட்டு, மேரியிடம் ஒரு டம்ளர் வாங்கி, ஒரு மிடறு அதிலும் ஒரு மிடறு இதிலுமாகக் குடித்துப் பார்த்தாள்.

"உன்னுது கொஞ்சம் ஜாஸ்திதான்கா."

பிறகு தன் வாளித் தண்ணீரிலேயே உலை வைத்தாள்.