சீனித்தாயின் கைநாட்டு

வெற்றிலைத் தட்டோடு வாசல்படியில் கால் வைத்த வீரபாகு, வைத்த காலைப் பின்னுக்கு இழுத்தார். எதிரே சீனித்தாய் வந்துவிட்டாள். வெள்ளைச் சேலை, தாலி அறுத்து இரண்டு வருஷம். இடுப்பில் நிறைகுடம் இருந்தது. அது சகுனக் கணக்கில் சேரவில்லை.

"மதினி, அண்ணாச்சி வார நேரத்துல குறுக்க வரலாமா? உள்ள போங்க" என்று கொழுந்தன் சொரிமுத்து சீறினான்.

வீரபாகு தூத்துக்குடியில் கருப்பட்டி மொத்த வியாபாரி. தெருமுனை வரை போய், ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தார். தோஷம் கழிந்துவிட்டதாம். எவன் கண்டுபிடித்தானோ, அவன் வாயில் மண்ணைப் போட.

அவர் வந்தது மனை வாங்க. யுத்தம் முடிந்து சிமிண்டு கிடைத்ததும் வீடு கட்ட வேண்டும். புதுக்கோட்டை ரோட்டில் பத்து சென்ட். ஊரெல்லாம் உப்புத் தண்ணீர், அங்கே மட்டும் நல்ல தண்ணீர்க் கிணறு; அவரே குடித்துப் பார்த்திருந்தார். துறைமுகத்தில் நிலக்கரிக் கூடை சுமந்து சீனித்தாயின் புருஷனும் தம்பி சொரிமுத்துவும் சேர்ந்து வாங்கிய இடம். அண்ணன் செத்துப்போனான். அவன் பாதியை விட்டால் சீனித்தாய்க்குச் சொந்தமென்று ஒரு பிடி மண் கிடையாது.

பத்திரம் எழுத உட்கார்ந்த வேதமணி பேனாவை மூடினார்.

"செத்தவர் பாதிக்கு அந்த அம்மா கைநாட்டு வேணும் அண்ணாச்சி. பொம்பளைகளுக்குப் புருசன் சொத்துல பாத்தியதைன்னு சட்டம் வந்து ஏழு வருசமாச்சு. ரிஜிஸ்தர் ஆபீசுக்கும் நேர்ல வரணும்."

வீரபாகு முகத்தைச் சுளித்தார். பிறகு வழி சொன்னார். "நல்ல நேரம் பத்தரையோட முடியுது. அவ கொல்லைல இருந்தே கைநாட்டுப் போடட்டும். நீரே கொண்டு போயி வாங்கிட்டு வாரும். ஆபீசுக்குத் தனி வண்டியில வரட்டும். என் கண்ணுல மட்டும் பட்டுறக் கூடாது."

சொரிமுத்து தலையாட்டினான். வருகிற பணத்தில் மதினிக்குச் சல்லிக்காசு கொடுக்கிற உத்தேசம் அவனுக்கு இல்லை.

வேதமணி பத்திரத்தையும் மைப்பெட்டியையும் கொல்லைக்குக் கொண்டுபோனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். பின்னாலேயே சீனித்தாய், கையில் மைப்பெட்டியோடு.

"என் மூஞ்சி ஆகாது. என் பெருவெரல் மட்டும் ஆகுமா அண்ணாச்சி?"

வீரபாகு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். "ஏளா, மூஞ்சி வேற, வெரல் வேற. சாஸ்திரம் தெரியாமப் பேசாத."

"அப்ப என் மூஞ்சியப் பாத்து இடத்தைக் கேளுங்க. நல்ல நேரத்துக்குள்ளேயே கேளுங்க. இல்லைன்னா நான் மை தொட மாட்டேன்."

கடிகாரத்தில் பத்து இருபது. கிணற்றுத் தண்ணீரின் ருசி அவர் நாக்கை விட்டுப் போகவில்லை. ஆசை யாரை விட்டது? மெல்லத் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார்.

"இடத்தைக் குடும்மா" என்றார். 'ஏளா' போய் 'அம்மா' வந்திருந்தது.

"நேத்து வரைக்கும் குடுக்கத்தான் நெனச்சிருந்தேன்" என்றாள் சீனித்தாய். "இனி இல்ல. அந்தப் பாதியில நான் குடிசை போட்டு இருக்கப் போறேன்." மைப்பெட்டியை மூடி வேதமணியிடம் நீட்டினாள்.

"அப்ப இன்னைக்கே இந்த வீட்ட விட்டு எறங்குங்க" என்று சொரிமுத்து கத்தினான்.

"எறங்கத்தான் போறேன் தம்பி."

சாயங்காலம் வீரபாகு கடையில் உட்கார்ந்து, வந்தவன் போனவனிடமெல்லாம் புலம்பினார். "அறுதலி மூஞ்சியில முழிச்சேன், காரியம் கெட்டுப்போச்சு. சகுனம் பொய் சொல்லுமா?"

எல்லோரும் ஆமாம் என்றார்கள். அவள் ஏன் மறுத்தாள் என்று ஒருவனும் கேட்கவில்லை.