கதவைத் திறந்த சுவாமி

1

இந்தக் கதை என்னுடையதல்ல. பாரிசில், மார்க்ஸ் டோர்மோயில் என் கீழ்மாடியில் இருக்கிற சுசான் அக்கா படியில் வைத்துச் சொன்னது. தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் ஓர் உணவகத்தில் கொத்துரொட்டி போடுகிறவர். “எழுதுங்கோ. ஆனா பூச்சுப் பூசி வடிவாக்கிப் போடாதேங்கோ” என்றார்.

2

முதல் தொடக்கம்: ‘யுத்தத்தின் கடைசி மாதங்களில், கோழையான ஒரு பாதிரியார்…’

வெட்டிவிட்டேன். சுசான் ஒத்துக்கொள்ளவில்லை. “லோறன்ஸ் சுவாமி கோழை இல்லை. செல்லடிக்குள்ளை எங்களுக்குக் கஞ்சி காய்ச்சித் தந்தவர்.”

சரி, நல்ல மனிதர். அதுதான் எழுதக் கஷ்டமாக இருக்கிறது.

3

சுசானின் ஊரை அப்போது ஆண்டவர்கள் சண்டைக்கு வீட்டுக்கு ஒரு பிள்ளை கேட்டார்கள். (யாரென்று பெயர் எழுதவில்லை. நானும் லா சப்பலில்தான் மரக்கறி வாங்கவேண்டும்.) மறுத்துப் பேச எவருக்கும் வாயில்லை. சுவாமி பிள்ளைகளைக் கோயிலுக்குள் ஒளித்து வைத்துப் பூட்டினார். சைவப் பிள்ளைகளும் இருந்தார்கள். சுசானின் மகள் ஜெனிற்றாவும் இருந்தாள், பதினாறு வயது. ஆயர் சொல்லியனுப்பினார்: முரண்பட வேண்டாம், செபியுங்கள்.

அடுத்த நாள் துவக்குகளோடு வந்தார்கள். சுவாமி [தயங்கினார் என்று எழுதவா? சுசானுக்குத் தெரியாது] தானே கதவைத் திறந்தார்.

ஜெனிற்றா திரும்பி வரவில்லை.

4

போன ஞாயிறு அதே சுவாமி பாரிசுக்கு வந்து பூசை வைத்தார்; அடுத்த ஞாயிறும் அவர்தான். நற்கருணை வாங்கும் வரிசையில் சுசானும் நின்றார். சுவாமி அப்பத்தை உயர்த்தி “கிறிஸ்துவின் உடல்” என்றார். ‘ஆமென்’ சொல்லவேண்டிய இடத்தில் சுசான் கேட்டார்:

“என்ரை பிள்ளையை ஏன் குடுத்தனீங்கள்?”

வரிசை அசையவில்லை. பின்னால் நின்ற பிரின்ஸ்டன், பங்குச் சபைத் தலைவர், சுசானின் தோளைப் பிடித்து விலக்கினார். “அக்கா, கோயிலுக்குள்ளை அரசியல் வேண்டாம்.”

5

பூசை முடிந்து எல்லோரும் பற்றிஸ் தின்றுகொண்டிருந்தபோது, சுவாமியே சுசானைத் தேடி வந்தார்.

“நான் பயந்துபோனன், சுசான். உள்ளுக்கு அவ்வளவு சனம். சுட்டிருப்பாங்கள்.”

“அது எனக்கு விளங்குது சுவாமி. ஆனா பிள்ளையள் விரும்பித்தான் போனதெண்டு இண்டைக்கும் கதைக்கினம். இத்தனை வருசமா ஒரு பூசையிலையும் நீங்கள் வாய் திறக்கேல்லையே?”

சுவாமி கையிலிருந்த பற்றிஸ் தட்டைக் கீழே வைத்தார்.

“வாற ஞாயிறு சொல்லுங்கோ. ஜெனிற்றா எண்டு பேரைச் சொல்லி, திறந்தது நான்தான் எண்டு சொல்லுங்கோ.”



“ஆயரிட்டைக் கேக்கவேணும்” என்றார் சுவாமி.

6

முடிவு ஒன்று: சுவாமி யாரையும் கேட்காமலே சொல்கிறார்.

முடிவு இரண்டு: அவர் வாயைத் திறக்கும்போது பிரின்ஸ்டன் ஒலிவாங்கியை நிறுத்த… வேண்டாம், மலிவு.

நாளைக்குத்தான் அந்த ஞாயிறு. சுசான் கோயிலில் முன்வரிசை வாங்கில் இருக்கப் போகிறாராம். நான் இதோடு நிறுத்துகிறேன்; சுவாமி என்ன சொல்வார் என்பதை நீங்கள் எழுதுங்கள். மன்னிப்புக் கேட்டார் என்று எழுதி உங்களை நிம்மதியாக அனுப்பிவைக்க எனக்கும் தெரியும்.

ஆனால் இதைச் சுசானும் வாசிப்பார்.