ஊசியில் இருந்தது

மலைச்சாமி டாக்டர் அறையிலிருந்து நொண்டிக்கொண்டே வெளியே வந்தார்.

"எனக்குப் போட்டது நெசமான மருந்தாம்ப்பா," என்றார் குழப்பத்தோடு.

வெளியே பெஞ்சில் தன் முறைக்குக் காத்திருந்த அழகுமலை நிமிர்ந்து பார்த்தான். மூட்டுத் தேய்மானத்துக்கான ஒரு மருந்தைச் சோதித்துப் பார்க்கும் ஆய்வில் இருவரும் ஒன்றாகச் சேர்ந்தவர்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத்தண்ணீர், யாருக்கு எது என்பது கடைசியில்தான் தெரியும் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். அழகுமலைக்கு ஊசி போட்ட கொஞ்ச நாளிலேயே முட்டி வீக்கம் வடிந்தது. காளவாசல் பகுதிக் கட்டடங்களில் மறுபடி சாரம் ஏறிப் பெயிண்ட் அடித்தான். மலைச்சாமிக்கோ வீக்கம் அசைந்து கொடுக்கவில்லை. பாவம், மனுசனுக்கு உப்புத்தண்ணிதான் என்று இவனாகவே முடிவு கட்டி, போன தடவை ஆறுதல் வேறு சொல்லியிருந்தான். பெரிய தர்மப்பிரபு!

இப்போது பெஞ்சில் இருப்புக்கொள்ளவில்லை. எழுந்தான், உட்கார்ந்தான். முட்டி லேசாகக் குத்தியது. சாரம் ஏற முடியாவிட்டால் வாட்ச்மேன் வேலைதான் என்று முட்டி வீங்கியபோதே மனைவி ஒச்சாயி சொல்லியிருந்தாள். நாள் முழுக்க ஒரு கேட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

கூப்பிட்டதும் உள்ளே போய் முந்திக்கொண்டான். "எனக்குப் போட்டத இன்னொருக்கா போட்டு விடுங்கம்மா."

டாக்டர் ரோகிணி தயங்கினார். "உங்களுக்குப் போட்டதுல மருந்தே இல்லைங்க."

"உப்புத்தண்ணிக்கே வீக்கம் வடிஞ்சுதுன்னா, அப்ப என் வலி பொய்யா?" கோபத்தில் குரல் உடைந்தது.

"வலி நெசம். தேய்ஞ்ச குருத்தெலும்புல இருந்து உதிர்ற துணுக்கைப் பார்த்து, உடம்போட காவல் செல்லுங்க எதிரின்னு நெனச்சுச் சண்டைக்குப் போகுது. வீக்கம், சூடு எல்லாம் அந்தச் சண்டைதான். இந்த மருந்து அதை அடக்கும்னு நம்புனோம், பெருசா ஒண்ணும் நடக்கல. நீங்க எடை கொறச்சீங்க, தொடைக்குப் பயிற்சி விடாமச் செஞ்சீங்க. அது உதவியிருக்கலாம். நம்பிக்கையும் உதவியிருக்கும். பயிற்சிய மட்டும் விட்டுறாதீங்க."

மறுநாள் காலை சாரத்தடியில் நின்றான். மூங்கிலைப் பிடித்து அசைத்துப் பார்த்தான். உப்புத்தண்ணீரை நம்பியா இம்புட்டு உயரம் ஏறினோம் என்று வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினான். பாதி உயரத்தில் முட்டி வலித்தது. அந்த வலியை அவனுக்குத் தெரியும். வீக்கம் வடிந்த பிறகும் இத்தனை மாதமாக அதே இடத்தில், அதே அளவில் வலித்துக்கொண்டுதான் இருந்தது. மருந்து வேலை செய்கிற வலி என்று நினைத்து, பொருட்படுத்தாமல் மேலே போயிருக்கிறான்.

இன்றைக்கு அப்படி நினைக்க வழியில்லை. ஆனாலும் அடுத்த மூங்கிலில் காலை வைத்தான்.